அம்பாசிடர் வாட்டர் பம்ப்: பழசைச் சீர்செய்வதா, புதுசு மாட்டுவதா?

வேலூர் கத்திரி வெயிலில் 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு ஏறியவர்களுக்கு இன்ஜின் கொதிக்காமல் தண்ணீரைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பின் அருமை தெரியும். பம்பின் அடியிலுள்ள சின்ன ஓட்டையில் தண்ணீர் சொட்டினால், கசிவைத் தடுக்கும் சீல் போய்விட்டது. இன்ஜினை நிறுத்திவிட்டு, பம்பின் தண்டோடு சுற்றும் ஃபேனை ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் பேரிங்கும் காலி.

புது பம்ப் மாட்டுவது சீக்கிரம் முடியும். ஆனால் நான் வாங்கிய ஒன்றில் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) உள்ளே உரசியது. பழைய பம்பின் உடல் அரிக்காமல் இருந்தால் சீலும் பேரிங்கும் மாற்றுவதே என் கட்சி. அவற்றைப் பிரஸ்ஸில் (அழுத்தும் மெஷினில்) வைத்து நேராக இறக்கும் லேத்காரர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் புது சீலும் ஒழுகும். உடலில் விரிசல் இருந்தால் யோசிக்காமல் புதுசு. எதுவானாலும் கேஸ்கெட் (பம்ப் பொருந்தும் இடத்தில் வைக்கும் அடைப்பு) புதிது, கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) புதிது. போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள்.