வாட்ஸ்அப் குழுவா, கூகுள் ஷீட்டா?

பாம்பனில் பாட்டி, மண்டபத்தில் சித்தப்பா, துபாயில் மாமா மகன், தலைமன்னாரில் இன்னொரு கிளை என்று சொந்தம் பிரிந்து கிடக்கும் வீடுகள் எங்கள் கரையில் நிறைய. எல்லோரும் சேர்ந்து வம்சக் கதையைத் தேட எது வசதி?

பேச்சை வரவழைக்க வாட்ஸ்அப்தான். தனுஷ்கோடியில் எடுத்த பழைய போட்டோ ஒன்றைப் போட்டால் போதும். "வலது ஓரம் நிக்கிறது உங்க பெரிய தாத்தா, புயலுக்கு முந்தின வருசம்" என்று பாட்டியின் குரல் பதிவு வந்துவிடும். 1964 டிசம்பர் புயலில் வீட்டோடு பத்திரங்களையும் இழந்த குடும்பங்களுக்கு அந்தக் குரல்தான் ஆவணம். ஆனால் நாலு நாளில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது போய்விடும். போட்டோவின் தரமும் குறையும். டாக்குமெண்டாக அனுப்பினால் தப்பும்.

ஷீட்டில் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். ஒரே பெயரில் மூன்று பேர் வருவார்கள். அப்பா பெயர், ஊர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு, யார் சொன்னது என்று தனித்தனிக் கட்டம் இருந்தால்தான் குழப்பம் தீரும். பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் கிடைத்த தேதியையும் பாட்டி சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். யாராவது தெரியாமல் அழித்தாலும் முந்தைய பதிப்பை மீட்கலாம்.

ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் நான் ஷீட்டைத்தான் எடுப்பேன். சரி, பாட்டி அதில் எழுத மாட்டாரே? பேத்தி ஒருத்தி குரல் பதிவைக் கேட்டு அன்றே ஏற்றட்டும். அப்புறம், உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, ஆதார் எண் எதுவும் அதில் வேண்டாம். லிங்க் யார் கைக்கும் போகலாம்.