முதுநிலைப் படிப்புக்குப் பணம்: உதவித்தொகையா, வட்டி மானியக் கடனா, கல்லூரியே தரும் உதவியா?

தமிழ்நாட்டில் இளநிலைப் பட்டம் வரைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கைகொடுக்க நிறையத் திட்டங்கள் இருக்கின்றன. கலந்தாய்வில் இடம் எடுத்தால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போனால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பட்டம் கைக்கு வந்ததும் இவை எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். அதே பிள்ளை எம்.பி.ஏ., எம்.சி.ஏ., எம்.இ. என்று மேலே போனால் வீட்டு வருமானம் மாறியிருக்காது, கட்டணம் மட்டும் கூடியிருக்கும்.

அந்தக் கட்டத்தில் வருமானத்தைப் பார்த்துத் தருகிற உதவி என்று மூன்று வழிகள் மிஞ்சுகின்றன: அரசு உதவித்தொகை, வட்டி மானியத்தோடு கல்விக்கடன், கல்லூரி தன் கையிலிருந்து தருவது. எது பெரிய தொகை என்று மட்டும் பார்க்கக் கூடாது. பணம் எந்த மாதம் வரும், உங்கள் வீட்டு வருமானம் எந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது, இந்த இரண்டும்தான் பாதி விஷயத்தைத் தீர்மானிக்கின்றன.

முதலில் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புகளுக்கு அரசு தருவது. பட்டியலின மாணவர்களுக்குத் திரும்பக் கட்டத் தேவையில்லாத கட்டணங்கள் இதில் அடங்கும். தொழிற்படிப்பு, முதுநிலைத் தொழிற்படிப்பு என்றால் அதற்கு மேல் விடுதி மாணவருக்கு வருடம் 13,500 ரூபாயும் வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000 ரூபாயும் உண்டு. தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியலின, பழங்குடியின மாணவர்களின் கட்டணத்துக்கு 2012-இல் வந்த அரசாணை 92-தான் பிடிமானம். கல்லூரி அலுவலகத்தில் அந்த எண்ணைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்பதால் தகுதி இருக்கிற எவரும் முதலில் இதற்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

சிக்கல் வருமான உச்சவரம்பில் இருக்கிறது. வருடம் 2.5 லட்சம். அப்பா விசைத்தறி ஓட்டி மாதம் 12,000 சம்பாதிக்கிறார், அம்மா ஜவுளிக்கடையில் நின்று 10,000 கொண்டுவருகிறார் என்று வையுங்கள். வருடத்துக்கு 2,64,000. கோட்டைத் தாண்டியாயிற்று. இருவர் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்கிற குடும்பம், அந்த இருவர் உழைப்பாலேயே தகுதி இழக்கிறது. பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கான ஒதுக்கீட்டில் வரம்பு 8 லட்சம். ஒரே நாட்டில் ஏழ்மைக்கு இப்படி இரண்டு அளவு இருப்பது நியாயமே இல்லை. 2013-இல் வைத்த 2.5 லட்சத்தை இத்தனை விலைவாசி ஏறிய பிறகும் தொடாமல் வைத்திருப்பது பெரிய அநீதி.

அடுத்தது, பணம் வருகிற நேரம். 2021 முதல் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதிலிருந்து அவர் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். கல்லூரியோ செமஸ்டர் தொடக்கத்திலேயே கேட்கிறது. இந்த இடைவெளியில் தாலியை அடகு வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். ஆதார் இணைத்த கணக்கு செயல்பாட்டில் இருக்கிறதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கிளையில் கேட்டு உறுதி செய்துவிடுங்கள். பள்ளியில் திறந்து வருடக்கணக்கில் தொடாமல் விட்ட கணக்கால் பணம் திரும்பிப் போவதுண்டு.

இன்னொன்று: மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் கிடையாது. டான்செட் (எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கான தமிழ்நாட்டுப் பொது நுழைவுத் தேர்வு) எழுதிக் கலந்தாய்வுக்குக் காத்திருக்க மனமில்லாமல், “இப்போதே சேர்ந்தால் சலுகை” என்று ஒரு கல்லூரி சொன்னதை நம்பி முன்பணம் கட்டிவிட்டு, பிறகு உதவித்தொகை கேட்டு அலைவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். தேர்வு முடிவு வரும் வரை பொறுங்கள்.

பட்டியலின மாணவர்கள் பலருக்கு எட்டாமல் போவது மத்திய அரசின் டாப் கிளாஸ் உதவித்தொகை. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம்., என்.ஐ.டி., தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மாதிரி அறிவிக்கப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டும்தான். ஆனால் வருமான வரம்பு 8 லட்சம். கல்விக் கட்டணம் முழுதும், தனியார் நிறுவனம் என்றால் வருடம் 2 லட்சம் வரை. மற்ற செலவுகளுக்கு முதல் வருடம் 86,000 ரூபாய், அடுத்தடுத்த வருடங்களில் 41,000. இடங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை என்பதால் சேர்ந்த வாரமே கேளுங்கள். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பிரிவு மாணவர்கள் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம்., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் படித்தால் தமிழ்நாடு அரசு வருடம் 2 லட்சம் வரை தருகிறது. அதற்கும் 2.5 லட்சக் கோடுதான்.

சரி, கோட்டைத் தாண்டிய அந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்ன செய்வது? கல்விக்கடன்தான். அதிலும் இரண்டு விதம் இருக்கிறது, குழப்பிக்கொள்ளக் கூடாது.

பழையது சி.எஸ்.ஐ.எஸ். எனப்படும் மத்திய வட்டி மானியத் திட்டம். 2009-இல் வந்தது. பெற்றோர் வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், தொழில்முறை அல்லது தொழில்நுட்பப் படிப்பாக இருக்க வேண்டும், கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ நாக், என்.பி.ஏ. தரச்சான்று மாதிரியான அங்கீகாரம் வேண்டும். படிக்கும் காலம், அதற்குப் பிறகு ஒரு வருடம், இந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசே ஏற்கிறது.

புதியது பி.எம். வித்யாலக்ஷ்மி. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) இடம் கிடைத்தவருக்கு ஜாமீனும் அடமானமும் இல்லாமல் கடன். வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் 3 சதவீத வட்டித் தள்ளுபடி. வருடத்துக்கு ஒரு லட்சம் மாணவர்கள் என்று கணக்கு. வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்குபவருக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

இரண்டுக்கும் உள்ள தூரம் கணக்குப் போட்டால்தான் தெரியும். இரண்டு வருட எம்.பி.ஏ.வுக்கு வருடம் 3 லட்சமாக 6 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகும்போது தனிவட்டியாகவே முதல் 3 லட்சத்துக்கு 90,000, இரண்டாவது 3 லட்சத்துக்கு 60,000, ஆக 1.5 லட்சம் ஏறியிருக்கும். சி.எஸ்.ஐ.எஸ். இருந்தால் அது மொத்தமும் போய்விடும். 6 லட்சத்திலிருந்து தொடங்கலாம், பத்து வருடத் தவணை மாதம் 7,930 ரூபாய் அளவில் வரும். வித்யாலக்ஷ்மியில் 45,000 மட்டும் கழியும், கடன் 7.05 லட்சம், தவணை சுமார் 9,320. எதுவும் இல்லாவிட்டால் 7.5 லட்சமும் 9,910-உம். சி.எஸ்.ஐ.எஸ். உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் மாதம் ஏறக்குறைய 2,000 ரூபாய் வித்தியாசம். முதல் வேலையில் 20,000 சம்பளம் வாங்கி, சென்னையில் அறை வாடகையும் கட்டுகிற பிள்ளைக்கு அது சிறிய தொகை அல்ல.

சி.எஸ்.ஐ.எஸ். மானியத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விதி உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான், இளநிலைக்கோ முதுநிலைக்கோ. பி.இ. சேரும்போது ஒன்றரை லட்சம் கடனுக்கு அதை எடுத்துவிட்டவர், பிறகு 8 லட்சம் செலவாகும் எம்.பி.ஏ.வுக்குக் கேட்க முடியாது. மேலே படிக்கப்போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தால், முதல் பட்டதாரி சலுகையும் உதவித்தொகையும் சேர்த்து இளநிலையை ஓட்டிவிட்டு, மானியத்தை முதுநிலைக்கு வைத்துக்கொள்வதே நல்லது. அப்புறம், படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும். கல்லூரி பிடிக்கவில்லை என்று இரண்டாம் செமஸ்டரில் விலகுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

மானியத்தை மாணவர் நேரடியாக வாங்க முடியாது. வங்கிக் கிளை கணக்கைப் பதிவேற்ற வேண்டும், கனரா வங்கி வழியாகப் பணம் வரும். கிளை பதிவேற்ற மறந்தால் வட்டி சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு வருடமும் கடன் கணக்கின் அறிக்கையை வாங்கி, வட்டி பற்று வைத்த வரிக்கு எதிரே மானிய வரவு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். இல்லை என்றால் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

எம்.இ. போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட் (பொறியியல் முதுநிலைக்கான தேசிய அளவிலான தேர்வு) மதிப்பெண்ணோடு ஏ.ஐ.சி.டி.இ. எனும் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், 24 மாதங்களுக்கு. மொத்தம் 2,97,600. வருமானம் பார்த்துத் தருவது அல்ல இது. ஆனாலும் கடனுக்கு அலைவதற்கு முன் கேட் எழுதுவது பற்றி யோசியுங்கள் என்பேன். முனைவர் பட்டத்துக்கு ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 தருகிறது, அது வேறு உலகம்.

மூன்றாவது வழி, கல்லூரியே தருவது. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்களுக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்திலும் தங்குமிடத்திலும் பகுதியாகவோ முழுதாகவோ விலக்கு உண்டு. ஐ.ஐ.எம்.களிலும் தேவை பார்த்துத் தரும் உதவி இருக்கிறது, ஆனால் அங்கே கட்டணமே மலைபோல இருப்பதால் மிச்சத்துக்குக் கடன் எடுக்கத்தான் வேண்டியிருக்கும். இந்த வழியில் எனக்குப் பிடித்தது, சாதிச் சான்று, ஒரே ஒரு வருமானக் கோடு என்று நிற்காமல் வீட்டு நிலையை விரிவாகக் கேட்பார்கள் என்பது. தம்பி தங்கை படிப்பு, வீட்டில் நோயாளி, சொந்த வீடா வாடகையா என்பதை எல்லாம் எழுத இடம் இருக்கும். எழுதக் கூச்சப்படாதீர்கள். விளைச்சல் பொய்த்த வருடம் என்றால் அப்படியே எழுதுங்கள். குறை என்னவென்றால், இப்படித் தரும் அளவுக்கு நிதி வைத்திருக்கும் கல்லூரிகள் மிகக் குறைவு. நம் ஊர்ச் சுயநிதிக் கல்லூரியில் “தகுதி உதவித்தொகை” என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் மதிப்பெண்ணுக்கான தள்ளுபடிதான். முதல் வருடம் தந்துவிட்டு அடுத்த வருடம் மதிப்பெண் குறைந்தது என்று நிறுத்தலாம். எத்தனை வருடம், என்ன நிபந்தனை என்பதைக் கடிதமாக வாங்காமல் நம்ப வேண்டாம்.

யாருக்கு எது என்று கேட்டால், 2.5 லட்சத்துக்குக் கீழே இருப்பவர் உதவித்தொகையைப் பிடித்துக்கொள்ளட்டும், இடைவெளியை அடைக்க மட்டும் சிறிய கடன் போதும். 2.5-க்கும் 4.5-க்கும் நடுவில் இருப்பவருக்கு சி.எஸ்.ஐ.எஸ்.தான் மற்ற எதைவிடவும் நல்லது. 4.5-க்கு மேல் 8 வரை உள்ளவர் வித்யாலக்ஷ்மி பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேரட்டும். பட்டியலில் இல்லாத கல்லூரியில் 7.5 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வங்கி அடமானம் கேட்கும். வீட்டுப் பத்திரத்தை வைத்துப் படிக்கிற அளவுக்கு அந்தப் படிப்பு தகுமா என்று அந்தக் கல்லூரியில் படித்து முடித்த இரண்டு மூன்று பேரிடம் சம்பளத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எந்த வழி என்றாலும் தாசில்தாரின் வருமானச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் மே மாதமே விண்ணப்பித்து வைத்தால் கலந்தாய்வு நேரத்தில் ஓட வேண்டியிருக்காது.