எங்கள் கம்பெனியின் கைசன் திட்டம்: ஒன்பது வருடம் பயன்படுத்திய பிறகு

பைக், மிக்ஸி, மெத்தை எல்லாவற்றுக்கும் நீண்ட நாள் அனுபவம் எழுதுகிறார்கள். நான் எழுதப் போவது ஒரு திட்டத்தைப் பற்றி. "உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள், பரிசு வெல்லுங்கள்" என்று கம்பெனிகளில் போர்டு வைப்பார்களே, அது. கைசன் என்றால் ஜப்பான் மொழியில், வேலையைச் சின்னச் சின்னதாக மேம்படுத்திக்கொண்டே போவது. கோவை–பொள்ளாச்சி சாலைப் பக்கம் ஒரு மிஷினிங் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். அலுமினிய காஸ்டிங் (வார்ப்பு) வரும்; கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மிஷினில் கடைந்து, துளை போட்டு, ஓரத்தில் நிற்கும் 'பர்' என்ற பிசிறை எடுத்து, கழுவி அனுப்புவோம். 200 பேருக்கு மேல் வேலை செய்கிறோம், பாதிக்கு மேல் கான்ட்ராக்ட்.

2016-ல் முதலில் வந்தது ஒரு பெட்டி. கேன்டீன் வாசலில், கை கழுவும் குழாய்க்கு மேலே, பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. மாதம் ஒருமுறை திறப்போம் என்றார்கள். திறந்தது ஆறு மாதம் கழித்து, அதுவும் சாவியைக் காணோம் என்று பூட்டை உடைத்து. உள்ளே நாலு பஸ் டிக்கெட், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று ஏழு பேர் கையெழுத்துப் போட்ட கடிதம், அப்புறம் உருப்படியான யோசனைகள் இரண்டு. அதில் ஒன்றை எழுதியவர் அதற்குள் வேலையை விட்டே போய்விட்டார்.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு கதை கேட்டேன். ஜப்பானில் 1721-லேயே ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) யோஷிமுனே எடோ நகரத்தில் மக்கள் மனுப் போட ஒரு பெட்டி வைத்தார். பெயரும் முகவரியும் இல்லாத மனு செல்லாது. பெட்டியைப் பூட்டியபடியே கோட்டைக்குக் கொண்டுபோவார்கள், பிரித்துப் படிப்பது ஷோகனே. ஏழைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று ஊர் வைத்தியர் ஒருவர் எழுதிப் போட, ஒரு வருடத்துக்குள்ளேயே கொய்ஷிகாவா என்ற இடத்தில் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. எங்கள் பெட்டியின் சாவி, அட்மின் மேஜையை இடம் மாற்றும்போது, டிராயருக்குள் ரப்பர் ஸ்டாம்புகளுக்கு அடியில் கிடைத்தது.

பெட்டி போய் 2017-ல் யோசனையை எழுதிக் கொடுக்கும் கைசன் ஷீட் வந்தது. எங்களைப் போன்ற சின்ன கம்பெனிகளுக்குக் கைசன் வந்தது கஸ்டமர் ஆடிட் வழியாகத்தான். 1998-ல் சென்னை பாடி சுந்தரம் கிளேட்டனும் 2002-ல் டி.வி.எஸ். மோட்டாரும் தரத்துக்காக ஜப்பானில் தரும் டெமிங் பரிசு வாங்கிய பிறகு, இந்தப் பழக்கங்கள் மெல்ல மெல்லச் சப்ளையர், சப்ளையருக்குச் சப்ளையர் என்று இறங்கி வந்தன. ஆடிட்டர் வந்து உட்கார்ந்ததும் "தலைக்கு எத்தனை கைசன்?" என்று கேட்பார். இப்படிக் கேட்டால் கம்பெனி என்ன செய்யும்? தலைக்கு மாதம் ஒன்று என்று டார்கெட் போட்டது. ஒரு ஷீட்டுக்கு 50 ரூபாய்.

அந்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. மாதம் 27, 28 தேதி ஆகிவிட்டால் ஷாப் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டும் வேலை நடக்கும். குப்பைத் தொட்டியைத் தூணுக்கு இடப்பக்கம் நகர்த்தியது ஒரு கைசன், பலன்: நடக்கும் தூரம் குறைந்தது. ஆறு மாதம் கழித்து அதே தொட்டியை வலப்பக்கம் நகர்த்தியது இன்னொரு கைசன். அதிலும் நடக்கும் தூரம் குறைந்தது. இரண்டிலும் ஒப்புதல் கட்டத்தில் இருப்பது என் கையெழுத்து. 'பிஃபோர்' போட்டோவுக்காகச் சுத்தமான தரையில் ஆயிலை ஊற்றிய ஆளும் உண்டு. நான் அவரைத் திட்டவில்லை. டார்கெட்டில் ஒன்று குறைந்தால் மீட்டிங்கில் நிற்கப் போவது நான்தானே.

டொயோட்டா 1951-ல் தன் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம் எய்ஜி டொயோடா அமெரிக்காவுக்குப் போய், ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலையில் நடந்துகொண்டிருந்த திட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்தத் திட்டம் அமெரிக்காவில் ஏறி ஜப்பான் போய், சென்னை வழியாக எங்கள் ஷாப்புக்கு வந்து சேர்ந்தபோது வண்டியில் எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. யோசனை சொன்னவனோடு அவன் மிஷின் பக்கத்தில் நின்று பேசும் பழக்கம் வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது.

2020 கடைசியில் புதிதாக வந்த பிளான்ட் ஹெட் டார்கெட்டையே எடுத்துவிட்டார். பதிலுக்கு இரண்டே விதி. யார் என்ன சொன்னாலும் மூன்று நாளைக்குள் பதில் போக வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று நேரில் சொல்ல வேண்டும். இன்னொன்று, 500 ரூபாய்க்குள் முடிகிற வேலை என்றால் சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் செய்து பார்க்கலாம். அந்த மாதம் ஷீட் எண்ணிக்கை 180-லிருந்து 11-க்கு விழுந்தது. ஆனால் அந்த 11-ல் ஒன்று, ஐ.டி.ஐ. முடித்து வந்து நாலே மாதமான ஒரு ட்ரெய்னி கொடுத்தது.

எங்களிடம் ஒரு ஹவுசிங் (கூடு மாதிரியான பாகம்) ஓடுகிறது. பார்க்க இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நைட் ஷிப்ட் தூக்கக் கலக்கத்தில் திருப்பி வைத்துக் கிளாம்ப் செய்தாலும், பாகத்தைப் பிடித்து வைக்கும் பிக்ஸ்சர் ஏற்றுக்கொள்ளும், துளை தப்பான பக்கம் விழும். வாரம் இரண்டு மூன்று ஜாப் (கடைகிற உருப்படியை அப்படித்தான் சொல்வோம்) ஸ்கிராப்புக்குப் போகும், சில நாள் டிரில்லும் உடையும். அதற்கு நாங்கள் கண்ட வைத்தியம், 'சரியான திசையில் லோடு செய்யவும்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது, ஆபரேட்டரிடம் விளக்கக் கடிதம் வாங்கியது. பையன் காஸ்டிங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: தேதி முத்திரை விழுகிற இடத்தில், ஒரு பக்கம் மட்டும், சின்னதாக ஒரு மேடு இருக்கிறது. தப்பாக வைத்தால் அந்த மேடு எங்கே வந்து நிற்குமோ அங்கே ஒரு பின் அடித்துவிட்டால் ஜாப் உட்காரவே உட்காராது. டூல் ரூம் ஸ்கிராப்பில் கிடந்த ஒரு டவல் பின் (உருண்டையான இரும்பு முளை), அரை மணி நேர வேலை. கையிலிருந்து ஒரு பைசா செலவில்லை.

தப்பே செய்ய முடியாதபடி அமைப்பதற்கு ஜப்பான்காரர்கள் போக்கா-யோக்கே என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வகுப்பெடுக்கிறார்கள். பையனுக்கு அந்தப் பெயர் தெரியாது.

கதை இங்கே முடியவில்லை. மூன்றாம் நாள் காலை, அந்தப் பின்னைச் சுற்றிச் சிப்ஸ் (கடையும்போது விழும் உலோகச் சீவல்) அடைந்து, சரியாக வைத்த ஜாப்பும் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆழம் தப்பி ஒரே ஷிப்டில் 14 ரிஜெக்ஷன். பையன் முகத்தில் ஈயாடவில்லை. பின்னைக் கழற்றிவிடலாம் என்று நான் ஸ்பேனரோடு போனேன். பக்கத்து மிஷின் அண்ணன், பதினைந்து வருட அனுபவஸ்தர், "அதை ஏன் கழட்டறீங்க? பின்னுக்கு அடியில சாய்வா ஒரு வெட்டுக் கொடுங்க, கூலன்ட்டே சிப்ஸை அடிச்சுட்டுப் போயிரும்" என்றார். கொடுத்தோம். இன்றைக்கு வரை அந்த ஹவுசிங்கில் திசை மாறிய ஜாப் ஒன்று கூட வரவில்லை. ஷீட்டில் பிஃபோர், ஆஃப்டர் என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது, இடையில் நடந்த அந்த 14 ரிஜெக்ஷனை எழுத இடமில்லை. யாரும் அதற்கு விளக்கம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் பையன் அடுத்த முறை வாயைத் திறந்திருப்பானா? டாடா குழுமத்தில் 'டேர் டு ட்ரை' என்று, துணிந்து முயன்று சறுக்கிய திட்டங்களுக்கென்றே ஒரு பரிசு வைத்திருக்கிறார்கள். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தபோது 2021-ல் ஒன்று நடந்தது. இரண்டு மிஷினை எதிரெதிராகத் திருப்பி வைத்தால் ஒரே ஆள் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆபரேட்டர் சொன்னார். அருமையான யோசனை. மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். அடுத்த மாதம் அந்த லைனில் இருந்த கான்ட்ராக்ட் பையன் ஒருவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யோசனை சொன்னவர் என்னிடம் வந்து, "சார், அவனை நானா அனுப்பினேன்?" என்று கேட்டார். என்ன சொல்வது? டீ குடிக்கலாம் வாங்க என்று கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மாதம் அந்த லைனில் இருந்து ஒரு காகிதம் வரவில்லை. கடைசியில் பிளான்ட் ஹெட் ஷிப்ட் மாறும் நேரத்தில் வந்து நின்று, கைசனால் மிச்சமாகிற ஆள் வேறு லைனுக்குத்தான் போவார், கேட்டுக்கு வெளியே போகமாட்டார் என்று சொன்னார். அதை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினார்கள். அந்தப் பையனையும் கூப்பிட்டுப் பார்த்தோம். அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டிருந்தான்.

2022-ல் ஆப். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் இங்கிலீஷ், பதினோரு கட்டம், 'வருடச் சேமிப்பு ரூபாயில்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. கோடாக் கம்பெனியில் 1898-ல் முதல் பரிசு வாங்கியவர் ஒரு தொழிலாளி. ஜன்னலைத் துடைத்தால் வேலை செய்யும் இடத்தில் வெளிச்சம் வரும் என்று சொன்னதற்கு 2 டாலர் கொடுத்தார்கள். எங்கள் ஆப்பில் அவர் ரூபாய்க் கணக்குக் கட்டத்திலேயே நின்றிருப்பார்.

எங்களிடமும் ஒரு வெளிச்ச யோசனை வந்தது. அதை நிறுத்தியது ஆப் மட்டும் இல்லை, நானும்தான்.

பர் எடுக்கும் மேஜையில் ஒரு அக்கா இருக்கிறார், கான்ட்ராக்ட். ஒருநாள் நான் அந்தப் பக்கம் போகும்போது கூப்பிட்டு, "தம்பி, இந்த மேசையத் திருப்பிப் போட்டா நல்லாருக்குமுங்க. லைட்டு எனக்குப் பின்னாடி இருக்குது. என்ற நிழலே ஜாப் மேல விழுகுது, பர்ரு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார். "பார்க்கலாம்க்கா" என்றேன். ஆப்பில் போட டோக்கன் நம்பர் வேண்டும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு டோக்கன் நம்பர் கிடையாது. பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். விட்டேன் என்றால், மறந்தே போனேன்.

நாலு மாதம் கழித்துக் கஸ்டமரிடம் இருந்து பர் கம்ப்ளைண்ட். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அங்கே போய் மூன்று நாள் உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பிரித்தார்கள். இங்கே ஏன்-ஏன் அனாலிசிஸ், அதாவது 'ஏன்' என்று திரும்பத் திரும்பக் கேட்டு மூல காரணத்தைத் தேடுவது. முதல் ஏனுக்கே 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டு போனேன். குவாலிட்டி மேடம் அதைப் பேனாவால் அடித்துவிட்டு, நேராக ஷாப்புக்கு வந்து அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஜாப்பைக் கையில் எடுத்தார். மேடத்தின் நிழல் அப்படியே அதன் மேல் விழுந்தது. பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

மேஜையைத் திருப்பிப் போடப் பத்து நிமிடம் ஆயிற்று.

ஆப் அக்காவின் பெயரை ஏற்கவில்லை என்பதால் என் டோக்கன் நம்பரில் பதிவானது. ஆயுத பூஜையன்று பொரி கடலையோடு எனக்கு ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். அதை அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, நோட்டீஸ் போர்டில் இருந்த போட்டோவைக் காட்டி, "பொட்டி சரிங்க தம்பி, இதுல என்ற கை மட்டும்தான் வந்திருக்குது" என்றார். ஆஃப்டர் போட்டோவில் மேஜை, டியூப் லைட், மோதிர விரலில் பிளாஸ்திரி சுற்றிய ஒரு கை. கைசன் செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் தனி நம்பர் கொடுக்க வைக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஆப்பை இப்போது யாரும் நேரடியாகத் தொடுவதில்லை. லைனுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் வாய்ஸ் போடுவார்கள். தமிழில் சொன்னால் போதும், ரூபாய்க் கணக்கு வேண்டாம். ஒரு ட்ரெய்னி பெண் அதைக் கேட்டு ஆப்பில் ஏற்றிவிடுகிறாள், ஆடிட்டருக்குக் காட்ட வேண்டுமே. மாதம் 30, 35 வருகிறது. பாதிக்கு மேல் முடியாது என்றுதான் சொல்கிறோம். நேரில் போய்க் காரணம் சொன்னால் ஆட்கள் கோபப்படுவதில்லை, வாதாடுகிறார்கள். வாதாடும்போதுதான் பல நேரம் சரியான யோசனையே வெளியே வருகிறது.

முடியாது என்று சொன்னவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். 3எம் கம்பெனியில் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் சரியாக ஒட்டாத ஒரு பசையைக் கண்டுபிடித்துவிட்டு, அதற்கு வேலை தேடி வருடக்கணக்கில் அலைந்தார். 1974-ல் ஆர்ட் ஃப்ரை என்பவர், பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைக்கும் சீட்டு விழாமல் இருக்க அதைப் பூசிப் பார்க்கலாமே என்று யோசித்தார். 1980-ல் போஸ்ட்-இட் கடைக்கு வந்தது. என் நோட்டில் அவ்வளவு பெரிய சரக்கு இல்லை. ஆனால் வாஷிங் மிஷினில் ஜாப்பைக் குப்புற வைத்தால் உள்ளே தண்ணீர் தேங்காது என்று 2021-ல் ஒருவர் சொன்னதை, புது பேஸ்கட்டுக்குப் பணம் இல்லை என்று தள்ளியிருந்தோம். 2024-ல் பழைய பேஸ்கட் உடைந்து புதிதாக ஆர்டர் போடும்போது நோட்டைப் புரட்டியதால் அப்படியே செய்ய முடிந்தது. அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

வாங்கலாமா என்று கேட்டால், நேரம் ஒதுக்க முடிகிறவர்கள் வாங்கலாம். தினமும் முக்கால் மணி நேரம் எனக்கு இதற்கே போகிறது, அதற்கு ஓ.டி. கிடையாது. ஐ.டி.யில் இருக்கும் என் மச்சான், அவர்கள் ஆபீஸில் வருடம் ஒரு ஹேக்கத்தான், பீட்சா, டி-ஷர்ட் என்று ஜமாய்ப்பதாகச் சொல்வான். ஜெயித்த யோசனை என்ன ஆயிற்று என்று கேட்டால் சிரிக்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை அக்கா 14 நொடிக்கு ஒரு வாய்ஸ் போட்டிருந்தார், பின்னால் ஏர் கன் சத்தம். கிரேட் பெட்டியில் கீழ் வரிசை ஜாப்பைக் குனிந்து குனிந்து எடுத்து இடுப்பு விட்டுப்போகிறதாம், சாய்வாக ஒரு ஸ்டாண்டு வேண்டுமாம், "காய்கறிக் கடைல வெப்பாங்கல்லங்க, அந்த மாதிரி." பழைய கன்வேயர் ஆங்கிளை வெட்டி வெல்டு அடித்தால் 500-க்குள் முடிந்துவிடும். நாளை மதியத்தோடு மூன்று நாள் முடிகிறது. வெல்டர் ஊருக்குப் போயிருக்கிறார், போனை எடுக்கவில்லை.