ஜேக்கப்ஸ் வெல்லில் குளிக்க டிக்கெட் என்று 248 டாலர் பறித்துவிட்டார்கள், நீங்களாவது உஷாராக இருங்கள்

ஹூஸ்டன், டாலஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் யாராவது டெக்சாஸ் விம்பர்லியில் இருக்கும் ஜேக்கப்ஸ் வெல் ஊற்றுக்குக் கிளம்புவதாக இருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். போன சனிக்கிழமை எனக்கு 248 டாலர் போனது. இன்னும் வயிறு எரிகிறது.

தென்காசியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். குற்றாலத்துச் சாரலை விட்டுவிட்டு வந்த மனிதர். எங்கள் அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "பினாயில் வாடையால்லா அடிக்கி" என்று துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். நிஜ ஊற்று ஒன்றைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ரோஷம். அப்படித்தான் ஜேக்கப்ஸ் வெல்லுக்கு வந்தேன். சுண்ணாம்புப் பாறையில் 12 அடி அகலத்தில் ஒரு வாய், கீழே நூறடிக்கு மேல் இறங்கும் குகை. படத்தைப் பார்த்தாலே குதிக்கத் தோன்றும்.

சுற்றுலா டிக்கெட் விற்கும் ஒரு செயலியில் தேடினேன். "ஊற்றுக் குளியல், ஒரு நாள் அனுமதி", தலைக்கு 38 டாலர். நீலத் தண்ணீரில் ஒரு பையன் அந்தரத்தில் நிற்கும் படம், 4.8 நட்சத்திரம். எனக்கும் சந்தேகம் வராமல் இல்லை. விற்பவருக்கே செய்தி அனுப்பினேன்: "குளிக்க விடுவார்களா? கூட வயதானவர்கள் இருக்கிறார்கள்." இரண்டே நிமிடத்தில் பதில்: "தாராளமாக. ஆனால் தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட் (20 செல்சியஸ்) தான், பெரியவர்கள் மெதுவாக இறங்கட்டும். வழுக்காத செருப்பு கொண்டு வாருங்கள்."

அந்த 68-ல்தான் விழுந்தேன். கூகுளில் போட்டுப் பார்த்தேன், ஊற்று நீர் 68 டிகிரி என்பது சரியாகவே இருந்தது. பெரியவர்களைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவன் ஏமாற்றுவானா? வெப்பநிலையைச் சரிபார்த்த நான், குளிக்கத் திறந்திருக்கிறதா என்பதைச் சரிபார்க்கவில்லை. 6 பேருக்கு 228, சேவைக் கட்டணம் 20. மொத்தம் 248.

புளியோதரை கட்டிக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிப் போனோம். வாசலில் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) ஊழியர் ஒரு அம்மா என் போனை வாங்கிப் பார்த்தார். முகத்திலேயே தெரிந்துவிட்டது, நான் முதல் ஆள் இல்லை என்று. "இதை நாங்கள் விற்பதில்லை. உள்ளே நடந்து பார்க்கக் காசே கிடையாது. குளிக்க 2022 கோடையிலிருந்து அனுமதி இல்லை, ஊற்றில் தண்ணீர் வரத்து இல்லை."

உள்ளே போனால் அந்த 12 அடி வாய் அசையாமல் கிடக்கிறது. தண்ணீர் பொங்கவும் இல்லை, ஓடவும் இல்லை. மாமா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஊத்துக்கண் தூந்துபோச்சா மாப்ள? சுத்துவட்டாரத்துல எத்தன போர் போட்டானுவளோ." விஷயம் அதேதான். 2000-ல் முதல்முறையாக நின்ற ஊற்று இது. ட்ரினிட்டி என்ற நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து சுற்றிலும் போர் போட்டு இழுக்கிறார்கள், கூடவே வறட்சி. ஊர்க் கிணறு பார்த்த மனிதருக்கு அறிவிப்புப் பலகை தேவைப்படவில்லை.

பக்கத்தில் ப்ளூ ஹோல் என்று குளிக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதற்கு முன்பதிவு வேண்டும். சனிக்கிழமை, எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் நீச்சல் உடையோடு காரிலேயே புளியோதரை சாப்பிட்டன.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. விற்றவன், "டிக்கெட் நுழைவுக்குத்தான் சார், நுழைந்தீர்கள் அல்லவா" என்றான். அப்புறம் பதிலே இல்லை. செயலியின் சாட்டில் 40 நிமிடம் காத்திருந்தேன். "24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்திருக்க வேண்டும்" என்றார்கள். அடைத்துக் கிடப்பது போய்ப் பார்த்தால்தானே தெரியும், எப்படி முந்தின நாளே ரத்து செய்வது என்று கேட்டேன். "உங்கள் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்கிறோம்", அடுத்த பதிவுக்கு 10% தள்ளுபடி! இலவசமாகப் போகும் இடத்துக்கு 248 டாலர் வாங்கிவிட்டுத் தள்ளுபடி தருகிறார்களாம். நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனம் மூன்று நாளாகப் "பரிசீலனையில்" இருக்கிறது. அந்த 4.8 எப்படி வந்தது என்று இப்போது புரிகிறது. கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். "அந்த இடத்துக்குப் போனீர்களா?" என்றுதான் அவர்களும் முதலில் கேட்கிறார்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. கவுண்டி, நகராட்சி, மாநிலப் பூங்கா, எதுவானாலும் அவர்கள் தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். கிளம்பும் அன்று காலை போன் போட்டுக் கேளுங்கள். ஆஸ்டினில் பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக் குளத்துக்குப் போவதென்றால் வியாழக்கிழமை வேண்டாம், சுத்தம் செய்ய மூடுவார்கள். டெபிட் கார்டு கூடவே கூடாது.

248 டாலர் விஷயம் மாமாவுக்கு இன்னும் தெரியாது. "காசு வாங்காம உள்ள விடுதான் பாரு, நல்ல ஊருதான்" என்று நேற்று தென்காசிக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.