24 டேக்குக்குப் பில், வயர் 13க்குத்தான்: ஆலை வைத்திருக்கிறவர்கள் கவனம்

காலபோக நெல் வரத் தொடங்க முன்னம் பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் பக்கத்து ஆலைக்காரருக்கு ஒரு தகவல். ட்ரையர், கொதிகலன் அளவீடுகளைக் கணினியில் பதிகிற (அப்படிப் பதியும் ஒவ்வொரு அளவீட்டுக்கும் டேக் என்று பெயர்) ஆலைகளுக்கு "புதுசா டேக் சேர்த்துத் தாறம், எல்லாம் திரையில பாக்கலாம்" என்று ஏ-9 வழியாக ஒரு ஒப்பந்தக்காரர் வந்து போகிறார். ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் அவர் முடித்துக் கொடுத்த வேலையைப் பிரித்துப் பார்த்ததில் அகப்பட்டவைதான் இவை. பெயர் போடவில்லை. இதே வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர்தான் என்றும் இல்லை.

முதலில் காசு. அங்கே ஏற்கெனவே 16 டேக் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் 24 சேர்க்க, ஒரு டேக்குக்கு 7,500 ரூபா "லைசன்ஸ்" என்று 180,000 ரூபா பில். சென்சர், வயர், கூலி எல்லாம் புறம்பு. டேக் எண்ணிக்கைக்குக் காசு வாங்கும் பெரிய மென்பொருள்கள் உண்மையிலேயே உண்டு, அதனால் கேட்கிறவருக்குச் சந்தேகம் வராது. ஆனால் அந்த ஆலையில் இருந்தது அளவீடுகளைச் சேமிக்கும் இன்ஃப்ளக்ஸ்டிபியும், அவற்றைத் திரையில் வரைபடமாகக் காட்டும் கிராபானாவும். இரண்டுமே இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூலப் பதிப்பு. டேக் 16 ஆனாலென்ன, 1,600 ஆனாலென்ன, லைசன்ஸுக்கு ஒரு சதமும் இல்லை. அட்டவணையில் புது நிரல்கூடத் திறக்கத் தேவையில்லை. புதுப் பெயரில் முதல் பெறுமானம் போனதும் அது தானாக உருவாகிவிடும். பில்லில் "லைசன்ஸ்" என்று கண்டால் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி வயர். 24 டேக்கில் 13க்குத்தான் பனலுக்குள், அதாவது சென்சர் வயர்கள் வந்து சேரும் பெட்டிக்குள், வயர் வந்திருந்தது. மிச்சம் 11ம் கணினியில் எழுதிய வெறும் சூத்திரம். ட்ரையரின் "மேல் தட்டு வெப்பம்" என்று ஓடியது, கீழ்த் தட்டுப் பெறுமானத்தோடு 1.5ஐக் கூட்டி, பார்வைக்குக் கொஞ்சம் ஆட்டமும் சேர்த்த கோடு. இதைப் பிடிக்க மென்பொருள் அறிவு தேவையில்லை. பனலில் அந்த டேக்குக்குரிய வயரைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு முனையைக் கழற்றுங்கள், திரையைப் பாருங்கள். அளவை 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான மின்னோட்டமாக அனுப்பும் சென்சர் என்றால் கழற்றியதும் ஓட்டம் 0 ஆகிப் பிழை காட்ட வேண்டும், 3.6க்குக் கீழே போனாலே பழுது என்றுதான் கணக்கு. அங்கே வயர் கையில் தொங்க, திரையில் கோடு 62.3, 62.5, 62.4 என்று சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

மின்மானியில் செய்தது இன்னும் மோசம். மின்மானி கணினியோடு பேசும் மொட்பஸ் முறையில், கையேட்டில் 40101 என்று இருக்கும் பதிவேட்டை (மானி எண்ணை வைத்திருக்கும் இடத்தை), கம்பியில் 100 என்றுதான் கேட்க வேண்டும். 101 என்று கேட்டால் ஒரு எண்ணின் பின்பாதியும் அடுத்ததின் முன்பாதியும் சேர்ந்து வரும். தசம எண் இரண்டு பதிவேட்டில் இருப்பதால் முன்பின் மாறினாலும் இதே கதைதான்: 230 வோல்ற் வரவேண்டிய இடத்தில் ஒருக்கால் 0, ஒருக்கால் 20 இலக்கத்தைத் தாண்டிய எண். ஒழுங்கைத் திருப்பிப் போட்டால் 5 நிமிட வேலை. அவர் அதைச் செய்யாமல் நேரே 230 என்ற எண்ணையே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வன்னியில் ஒரு வோல்ற்கூட ஆடாத கரண்ட்! மின்சாரம் நின்று ஜெனரேற்றர் போட்ட நேரமும் 230.

உண்மையான 13லும் கோளாறு. பிடி100 வெப்பச் சென்சருக்கு, வயரின் தடையைக் கழிக்க உதவும் மூன்றாவது வயரை இழுக்காமல் இரண்டோடு விட்டிருந்தார். 40 மீற்றர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போய்வரச் சுமார் 2.8 ஓம் தடை சேரும். ஒரு பாகைக்கு 0.385 ஓம் என்பதால் 7 பாகை கூடக் காட்டும். ஐஸ் போட்ட தண்ணீரில் சென்சரை வைத்துப் பாருங்கள், 0க்கு அண்மையில் நிற்க வேண்டும். மீன் பெட்டி ஐஸ் வேண்டாம், உப்புப் பட்டிருந்தால் 0க்குக் கீழே போகும்.

விதைநெல் காயவைக்கிறவர்கள் இதை விடாமல் பாருங்கள். அளவீட்டை வாங்கி டேட்டாபேஸுக்கு அனுப்பும் நோட்-ரெட் மென்பொருளில் "5 பாகைக்கு மேல் மாறினால்தான் எழுது" என்ற வடிகட்டி போடப்பட்டிருந்தது. கடைசியாக எழுதியது 41 என்றால், சூடு 45.9க்கு ஏறினாலும் பதிவில் 41தான். விதைநெல்லுக்குக் காற்று 43 பாகையைத் தாண்டக்கூடாது. முளைதிறன் போன பிறகு பதிவைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வெப்பத்துக்கு 0.5 பாகை, 10 விநாடிக்கு ஒருமுறை போதும். ஒரு டேக்குக்கு நாளுக்கு 8,640 பெறுமானம், சாதாரணக் கணினி தாங்கும்.

பழைய டேக்கையும் விட்டுவைக்கவில்லை. "அழகாக இருக்கட்டும்" என்று 16இன் பெயர்களையும் மாற்றியதில் பழைய தரவு ஒரு பெயரிலும் புதியது வேறு பெயரிலும் பிரிந்து, வரைபடங்கள் எல்லாம் அன்றிலிருந்தே தொடங்கின. சேமிப்புக் காலத்தையும் 7 நாளாக்கியிருந்தார். அதற்கு முந்தியவை தானாக அழிந்துவிட்டன. பேக்கப் இல்லாததால் திரும்பாது. திரையில் ஒரு பெயர் அழகில்லை என்றால் கிராபானாவில் காட்டும் பெயரை மட்டும் மாற்றலாம், உள்ளே கை வைக்கத் தேவையில்லை.

கைவைக்க முன்னம் பேக்கப் எடுத்து உங்கள் பென்டிரைவில் வாங்குங்கள். டேக் பெயர், பனல் முனை இலக்கம், பதிவேட்டு முகவரி, அலகு, வீச்சு எல்லாம் ஒரு தாளில் வேண்டும். அலகு இல்லாவிட்டால் கொதிகலன் 7 பார் என்பதும் 101 பிஎஸ்ஐ என்பதும் ஒரே வரைபடத்தில் விழும். நிர்வாகி கடவுச்சொல்லும் பிஎல்சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கருவி) புரோகிராமும் கையில் வந்து, ஒவ்வொரு வயரையும் கழற்றிப் பார்த்த பிறகுதான் கடைசித் தவணை.

அந்த 11 பொய் டேக்கும் டேட்டாபேஸில் அப்படியே இருக்கின்றன. திரையிலிருந்து மட்டும்தான் எடுத்தாயிற்று. காசைத் திருப்பிக் கேட்கிற இடத்தில் அவைதான் சாட்சி.