1969 கமாரோ: பழைய லீவரைத் திருத்துவதா, ராட்செட் ஷிஃப்டர் பொருத்துவதா?

செவர்லே 1969 கமாரோ காரிலிருந்து மூன்று கியர் டர்போ 350 தானியங்கி கியர் பெட்டியை இறக்கி, 1982-இல் வெளிவந்த நான்கு கியர் 700ஆர்4 பெட்டியை ஏற்றினால், நெடுஞ்சாலையில் என்ஜினின் சுழற்சி 30 விழுக்காடு குறையும். கூடவே கியர் லீவர் சிக்கலும் வரும். முன் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் கன்சோலில் உள்ள லாட வடிவ லீவருக்கு முன்னோக்கி ஓட்ட மூன்று நிலைகள்தான் உண்டு. புதிய பெட்டிக்கு நான்கு தேவை. ஷிஃப்ட்வொர்க்ஸ் நிறுவனம் விற்கும் மாற்று உதிரிகளைக் கொண்டு பழைய லீவரையே திருத்தலாம். அல்லது பி அண்ட் எம் நிறுவனம் செய்வது போன்ற ராட்செட் ஷிஃப்டரைத் தரையில் பொருத்தலாம். நான் பழைய லீவரைத்தான் திருத்திக்கொண்டேன்.

ராட்செட்டில் ஒரு தள்ளலுக்கு ஒரு கியர்தான் மாறும். அவசரத்தில் லீவர் நியூட்ரலுக்குத் தாவாது. கால் மைல் பந்தயக்காரர்கள் அதை விரும்புவதில் வியப்பில்லை. பந்தயத் தடத்தில் நான் ஓட்டியதில்லை என்பதால், அங்கே அவர்கள் சொல்வதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது கன்சோல். பொதுவகை ராட்செட்டுக்கு இடம் கொடுக்க அதை வெட்டவோ கழற்றவோ வேண்டும். தரைத்தகட்டிலும் புதிதாகத் துளையிட வேண்டும். இத்தகைய காரை வாங்க வருபவர் கதவைத் திறந்ததும் பார்ப்பது, தொழிற்சாலையில் பொருத்திய பாகங்கள் குலையாமல் இருக்கின்றனவா என்பதைத்தான். வெட்டிய கன்சோல் விலைப்பேச்சில் அவருக்கே சாதகமாகும். திருத்திய லீவரில் மாறுவது லீவரை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தும் உள் காடித்தகடு, கேபிள் பிடிப்பு, கியர் நிலையைக் காட்டும் எழுத்துக்கண்ணாடி ஆகியவை மட்டுமே. பழைய தகட்டை எண்ணெய் தடவி, உறையிலிட்டு வைத்திருக்கிறேன். நாளை டர்போ 350 திரும்பினால் அதுவும் திரும்பும்.

எதைத் தேர்ந்தாலும் லீவரைப் பெட்டியோடு இணைக்கும் கேபிளைச் சரியாக அளவமைப்பது கட்டாயம். லீவரின் காடியும் பெட்டிக்குள் இருக்கும் காடியும் ஒரே இடத்தில் விழாவிட்டால், வால்வு பாதியில் நின்று, எண்ணெய் அழுத்தம் குறைந்து, கிளட்ச் தட்டுகள் கருகும். ஒவ்வொரு நிலையிலும் கேபிளைப் பெட்டி முனையில் விடுவித்து, மீண்டும் மாட்டும்போது இழுக்காமல் தள்ளாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிளை அளவமைப்பது தனி வேலை. அது தவறினாலும் பெட்டி எரியும்.

கன்சோலை காரின் முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே வெட்டியிருந்தால் என் வாதம் செல்லாது. அந்தக் காருக்கு ராட்செட்டே பொருத்தம்.