கிராம டாக்டரின் வேர்கள்: மக்கள்தொகைக் கணக்கா, சொத்துக் கோப்பா?

அமெரிக்கத் தென்மாநிலங்களில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிராம டாக்டரின் குடும்பத்தைத் தேடுபவர்கள் முதலில் மக்கள்தொகைக் கணக்கைத்தான் புரட்டுவார்கள். சரி, 1850 முதல் வீட்டிலிருந்த சுதந்திரமானவர்களின் பெயரும் வயதும் அதில் உண்டு. ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்பது 1880இல்தான் வருகிறது. 1890 ஏடுகள் 1921 தீவிபத்தில் பெரிதும் சேதமாகி, மிஞ்சியதிலும் பெரும்பகுதி பின்னர் அழிக்கப்பட்டுவிட்டது.

நானாக இருந்தால் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்தின் சொத்துக் கோப்பைத்தான், அதாவது இறந்தவரின் உடைமைகளைக் கணக்கிட்டு வாரிசுகளுக்குப் பிரித்த ஆவணங்களைத்தான், முதலில் கேட்பேன். மருமகன்கள், பாக்கி வைத்த நோயாளிகள், குதிரை, சேணப்பை என்று ஒரு வாழ்க்கையே அதில் கிடைக்கும். 1850, 1860 கணக்கெடுப்புகள் அநேகமாகப் பெயரே குறிக்காமல் விட்ட அடிமைப்பட்ட மனிதர்கள், அந்தக் காலக் கோப்புகளில் பல இடங்களில் பெயரோடு இருக்கிறார்கள், பக்கத்திலேயே ஒரு விலையோடு. அந்தப் பக்கத்தைத் தாண்டக் கை வராது. அவர்களுடைய கொள்ளுப்பேரன் பேத்திகள் தேடி வருவதும் அதே தாளைத்தான்.